குளத்தங்கரை ஊரின் வயதைக் கண்டறிவது எப்படி?

நாங்குநேரி வட்டத்தில் பெரிய குளம் ஒன்றின் கரையில் உள்ள தம் ஊரைப் பற்றி எழுத விரும்பும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ஊர் எப்போது உண்டானது? முதலில் குடியேறியவர்கள் யார்? ஆதாரத்தை எங்கே தேடுவது? கோயில் தலபுராணமும் பெரியவர்களின் வாய்மொழியும் தவிர வேறொன்றும் கையில் இல்லை என்கிறார்.

கோயிலை விட்டுவிட்டுக் குளத்திலிருந்து தொடங்குங்கள். திருநெல்வேலிச் சீமையில் வானம் பார்த்த செம்மண்ணிலும் சரி, தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்திலும் சரி, நிலையான பெரிய ஊர் என்பது பெரும்பாலும் குளம் வெட்டியபின் அமைந்தது. சிவன் கோயிலைக் கற்றளியாகக் கட்டும் அளவுக்கு நெல் விளைய வேண்டும் என்றால், அதற்கு முன்பே கரை எழுந்திருக்க வேண்டும். கோயிலின் காலத்தையே ஊரின் காலமாக எழுதிவிடுவதுதான் ஊர் வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை. இன்னொன்றும் உண்டு. ஊருக்கு ஒரே பிறந்தநாள் கிடையாது. இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்தவர்கள் ஒரு காலம், குளம் வெட்டியவர்கள் ஒரு காலம், பிராமணர்களுக்குக் கொடுத்துப் பிரமதேயமாக்கியது ஒரு காலம், இன்றைய தெருக்களில் வந்து குடியேறியது வேறொரு காலம். இவற்றைத் தனித்தனியே தேட வேண்டும்.

முதலில் குளம் கால்வரத்துக் குளமா, மானாவாரிக் குளமா என்று பாருங்கள். தாமிரபரணியில் மேலிருந்து கீழாகக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. மற்றவை அதற்கு முந்தியவை. அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால், பழவூரிலிருந்து பாளையங்கால், சுத்தமல்லியிலிருந்து திருநெல்வேலிக் கால் என்று ஒவ்வொரு அணையும் தனக்கென்று குளங்களின் வரிசையை வைத்திருக்கிறது. உங்கள் குளம் இவற்றில் ஒன்றின் வரத்தில் இருந்தால், குளத்தின் வரலாறு அந்தக் கால்வாயின் வரலாற்றோடு கட்டுண்டது. நாங்குநேரிப் பக்கம் பச்சையாறு, நம்பியாறு, மழை வெள்ளம், மேல்குளத்து மறுகால் ஆகியவற்றை நம்பிய குளங்களே அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு மணிமுத்தாறு அணை வந்த 1950களுக்குப் பிறகுதான் கால்வாய்த் தண்ணீர் கிடைத்தது. இன்று கால் ஓடுகிறது என்பதற்காக அதைப் பழங்காலத்துக் கால்வாய் என்று எழுதிவிடாதீர்கள்.

வரத்துக்காலைப் பிடித்து மேலேயும், மறுகாலைப் பிடித்துக் கீழேயும் நடங்கள். குளங்கள் இங்கே சங்கிலியாகவே இருக்கும். மேல்குளம் நிறைந்து, மிகுநீர் வழியும் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். இந்த வரிசையில் எது முதலில் நிறைய வேண்டும், எந்த மடை எத்தனை நாள் திறக்க வேண்டும் என்ற மாமூல் இருக்கும். முன்னுரிமை பெற்ற குளம் பழையதாகவும், எஞ்சிய நீரை மட்டும் பெறும் குளம் பின்னால் வெட்டியதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். கார், பிசானம் என்ற இரண்டு நெற்போகங்களுக்கும் உரிமையுள்ள இருபோக நிலம் எந்த மடையின் கீழ் இருக்கிறது, பிசானம் மட்டும் உள்ள ஒருபோக நிலம் எது என்று பார்ப்பதும் உதவும். இவை தனியே நின்றால் சான்றாகா. வேறொரு சான்றோடு சேரும்போதுதான் பலம்.

குளத்தைப் பார்க்கச் சிறந்த காலம் சித்திரை முதல் ஆவணி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பழைய மடையின் அடிப்பகுதி கண்ணில் படாது. இரும்புத் திருகுக் கதவு பொருத்திய மதகு இக்காலத்தது. அதற்கு அருகிலேயே, கரையிலிருந்து குளத்துக்குள் தள்ளி, இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களும் நிற்கின்றனவா என்று பாருங்கள். அது பழைய தூம்பு. குறுக்குக் கல்லின் துளை வழியாகக் கம்பை இறக்கி, அடியிலுள்ள தொட்டியின் துளையை அடைத்தும் திறந்தும் நீர் விட்டார்கள். குமிழித்தூம்பாக இருந்தால் மேலே நீரோடித் துளையும் கீழே சேறோடித் துளையும் தனித்தனியே இருக்கும். நீரோடு சேறும் வெளியேறுவதால் குளம் தூர்வது குறையும். தூணின் குளத்தைப் பார்த்த முகத்திலும் பக்க முகங்களிலும் எழுத்து வெட்டியிருக்கலாம். தூம்பு செய்து கொடுத்தவர் பெயரும் ஆட்சியாண்டும் இரண்டு மூன்று வரியில் கிடைத்தால், உங்கள் ஊருக்கு அதைவிட நேரான சான்று வேறில்லை. புது மதகு கட்டும்போது இந்தத் தூண்களைப் பிடுங்கிக் கரையோரம் தள்ளிவிடுவது வழக்கம். படித்துறையில் துணி துவைக்கும் கல், தெருமுனையில் வண்டி முட்டாமல் நட்ட கல், சுடலைமாடன் பீடத்துக்கு முட்டுக்கொடுத்த கல் எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள்.

கரை உடைந்த இடம் இருந்தால் அதன் வெட்டுமுகத்தைப் படம் எடுத்துவையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் இந்தப் பக்கம் பல குளங்கள் உடைந்தன. அப்படி உடைந்த கரையில் பழைய கரையின் இறுகிய களிமண், அதன்மேல் பின்னால் உயர்த்திய மண், இடையில் மணல் அடுக்கு என்று படிப்படியாகத் தெரியும். கரையை எத்தனை முறை உயர்த்தினார்கள் என்பது குளம் எத்தனை முறை பெருக்கப்பட்டது என்பதைச் சொல்லும். அடைப்பு வேலை தொடங்கிவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.

மடைகளின் பெயர்களையும் வயல்களின் பெயர்களையும் தண்ணீர் பாய்ச்சுபவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மடைக்குடும்பர், நீர்ப்பாய்ச்சி என்று அந்த வேலையைச் செய்துவந்த குடும்பத்தார் நினைவில் இருக்கும் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தேவதானம், மடப்புறம், பள்ளிச்சந்தம், திருவிளையாட்டம் போன்ற சொற்கள் வயல்பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த நிலம் ஒரு காலத்தில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரியும். பள்ளிச்சந்தம் என்றால் சமண, பௌத்தப் பள்ளிக்கு விட்ட நிலம். இன்று ஊரில் அதன் சுவடே இல்லாமல் இருக்கலாம்.

ஊர்ப்பெயரை வைத்து முடிவு கட்டுவதில் நிதானம் வேண்டும். மங்கலம் என்று முடிவது பெரும்பாலும் பிரமதேயம். பேரி என்று முடிவது பெரிய ஏரியைக் குறிக்கும். சிற்றாறு தாமிரபரணியில் சேரும் இடத்திலுள்ள சீவலப்பேரியை ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் பெயரிலான பேரேரி என்றே கொள்கிறார்கள். ஆனால் ஊர்ப்பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இன்றைய அம்பாசமுத்திரம் கல்வெட்டில் முள்ளிநாட்டு இளங்கோய்க்குடி. இளங்கோய்க்குடி என்று தேடினால்தான், அங்குள்ள கோயிலுக்கு வரகுண மகாராசன் 290 காசு கொடுத்ததும், காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலமாக 580 கலம் நெல் வட்டியாக வந்ததும் கிடைக்கும். ஆகவே ஊர்ப்பெயரோடு, பல ஊர்கள் சேர்ந்த அக்காலப் பிரிவான நாட்டின் பெயரையும் கண்டுபிடியுங்கள். திருநெல்வேலி கீழ்வேம்பநாட்டில், அம்பாசமுத்திரம் முள்ளிநாட்டில், மானூர் களக்குடி நாட்டில் இருந்தன. ஒரே பெயரில் நாலைந்து ஊர் இருக்கும் இந்தச் சீமையில், நாட்டுப் பெயர் பொருந்தாத கல்வெட்டை உங்கள் ஊருக்குச் சேர்த்துக்கொள்வது பெரிய தவறாகிவிடும்.

மானூரை இங்கே சற்று நின்று பார்க்கலாம். அதுவும் பெரியகுளத்து ஊர்தான். அங்குள்ள அம்பலவாண சுவாமி கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.பி. 800. சபையில் அமர வேண்டியவருக்கு ஊரில் நிலப்பங்கு வேண்டும், குறிப்பிட்ட கல்வி வேண்டும், நன்னடத்தை வேண்டும் என்று அது விதிக்கிறது. கூட்டத்தில் எதைச் சொன்னாலும் ‘அன்று’ என்று மறுத்து வேலையைத் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம். உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது இது. இதைப் படிக்கும்போது நிலப்பங்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். பங்கு பிரிக்கும் அளவுக்கு நன்செய் இருந்தால், அதற்கு நீர் கொடுத்த குளமும் கல்வெட்டுக்கு முந்தியதாகவே இருக்க வேண்டும். கல்வெட்டு குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் அதிலிருந்து குளத்தை நோக்கிப் பின்னோக்கிப் போவது இப்படித்தான்.

குளம் வெட்டியதையே நேரடியாகப் பாடும் கல்வெட்டும் உண்டு. சாத்தூர்ப் பக்கத்து எருக்கங்குடியில் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தது, 9ஆம் நூற்றாண்டு. இருப்பைக்குடி கிழவன் எட்டிச் சாத்தன் வெட்டிய குளங்களையும் எடுத்த கோயில்களையும் அது வரிசையாகச் சொல்கிறது. அரசன் மட்டுமே குளம் வெட்டினான் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஊர்த்தலைவர்கள், வணிகர்கள், கோயில் பண்டாரங்கள் எல்லோரும் வெட்டியிருக்கிறார்கள்.

இனிக் கல்வெட்டைத் தேடுவது. உங்கள் ஊர்க் கோயிலின் கருவறையின் அடித்தளமான அதிட்டானத்தில் ஜகதி, குமுதம், பட்டிகை என்று ஒவ்வொரு அடுக்காகப் பாருங்கள். பிறகு நிலைக்கால்கள், மண்டபத் தூண்கள். வயலில் தனியே நிற்கும் கல், பாறை முகம் எதையும் விடாதீர்கள். தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சுண்ணாம்போ பெயின்டோ பூசாதீர்கள். கம்பிப் பிரஷால் தேய்க்கவே கூடாது. மென்மையான நார்ப்பிரஷும் தண்ணீரும் போதும். இரவில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பகலில் தெரியாத எழுத்து நிழலில் எழும். அதே வரிக்கு வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். மையொற்றிப் படியெடுப்பதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவது நல்லது. திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வதுதான் இன்று கல்வெட்டுகளுக்கு வந்திருக்கும் மிகப் பெரிய கேடு. ஒரு நாள் வேலையில் எழுநூறு வருடத்து எழுத்து போய்விடும். உங்கள் ஊரில் கும்பாபிஷேக ஏற்பாடு நடந்தால் படம் எடுப்பதை முதலில் முடித்துவிடுங்கள்.

நீங்கள் பார்க்கும் கல்வெட்டை ஒருவேளை ஏற்கெனவே படியெடுத்திருப்பார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் ஊர்வாரியாகச் சுருக்கம் தருகின்றன. பாண்டியர் கல்வெட்டுகளின் முழு வாசகத்துக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 14ஆம் தொகுதியை முதலில் பாருங்கள். அறிக்கையில் ஊர் எந்த வட்டத்தின் கீழ் இருக்கிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதன் கல்வெட்டுகளைத் திருவிதாங்கூர் தொல்லியல் வெளியீடுகளில் தேட வேண்டும். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்தன. பழைய அறிக்கையில் இவையெல்லாம் திருநெல்வேலி என்றே இருக்கும்.

ஆண்டைக் கணக்கிடுவதில் மூன்று இடங்களில் சறுக்கும். பாண்டியர் கல்வெட்டில் ‘யாண்டு 2-ஆவதின் எதிர் 12-ஆவது’ என்று வந்தால் இரண்டையும் கூட்டி 14ஆம் ஆட்சியாண்டு என்று கொள்ள வேண்டும். 12 என்று எழுதிவிடக் கூடாது. அடுத்தது அரசர் பெயர். சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்கள் மாறிமாறி வரும். சுந்தரபாண்டியன், குலசேகரன், வீரபாண்டியன் என்ற பெயர்களில் பலர் இருந்தனர். மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216இலும் சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251இலும் ஆட்சிக்கு வந்தவர்கள். பட்டத்தை விட்டுவிட்டால் 35 வருடம் பிசகும். ‘பூமருவிய திருமடந்தையும்’ என்று மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி, தொடங்கினால் முன்னவர். மெய்க்கீர்த்தி இல்லையென்றால் நாள், நட்சத்திரம், திதி, கிழமை ஆகியவற்றை வைத்துக் கணித்தே முடிவு செய்ய முடியும். அதைக் கல்வெட்டறிஞரிடம் கொடுங்கள். மூன்றாவது, கொல்லம் ஆண்டு. வேணாட்டரசர் களக்காட்டிலிருந்து ஆண்ட காலத்திலும் அதற்குப் பின்னும் நாங்குநேரி, சேரன்மகாதேவிப் பக்கம் அது சகஜம். ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதற்குப் பிறகு ஆடி வரை 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. சக ஆண்டானால் 78.

கல்வெட்டுக்கும் முந்தியது மண். ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் தோண்டிய இடம் நன்செய்க்கு வெளியே கல்லும் சரளையுமான பரம்பு. பயிரிட உதவாத மேட்டையே புதைக்கத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் ஊரிலும் குளத்து நீர் பாயும் ஆயக்கட்டுக்கு வெளியே, சரளை மேட்டில்தான் தாழி இருந்தால் இருக்கும். சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் வந்தபின், இந்தச் சீமையின் நெல் விவசாயத்தைப் பற்றிய பழைய கணக்குகள் மாறிவிட்டன. ஆனாலும் தாழி கிடைத்தது என்பதால் குளமும் மூவாயிரம் வருடம் பழையது என்று எழுத முடியாது. அந்த மனிதர்கள் ஆற்றங்கரைச் சதுப்பிலோ இயற்கைப் பள்ளத்திலோ விதைத்திருக்கலாம். வண்டலும் கரம்பையும் அள்ளும்போது கருப்பு சிவப்புப் பானை ஓடு வந்தால், கிடைத்த இடம், ஆழம், புல எண் மூன்றையும் அந்த நேரத்திலேயே குறியுங்கள். இடம் தெரியாத ஓடு வெறும் ஓடு. காசு, நகை, செம்பு கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம்.

யார் முதலில் குடியேறினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் மிகுந்த கவனம் வேண்டும். கல்வெட்டு நிலம் வைத்திருந்தவர்கள் எழுதியது. கரைக்கு மண் சுமந்தவர்களும் மடையைக் காத்தவர்களும் அதில் பெயரில்லாதவர்கள். ஆகவே கல்வெட்டில் முதலில் வருபவர்களை முதலில் குடியேறியவர்கள் என்று எழுதுவது தவறு. அப்படி எழுதிய புத்தகங்கள் ஊருக்குள் சண்டையில் முடியும். இந்தச் சீமையின் மக்கள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்து வந்தவர்களே. 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் அமைந்தபின், கரிசல் பக்கம் தெலுங்கு பேசுபவர்கள் பெருகினார்கள். 1799இலும் 1801இலும் பாளையக்காரர் போர்கள் முடிந்தபோது பல ஊர்கள் கலைந்தன. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். மிஷன் காலத்தில் புதிதாகவே ஊர்கள் உண்டாயின: முதலூர் 1799இல், டோனாவூர் 1827இல். அப்படிப்பட்ட ஊர்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் திருச்சபையின் சேகர அலுவலகத்தில் இருக்கும். குடும்ப வரலாற்றுக்கு அதைவிடத் துல்லியமான ஆவணம் இங்கே வேறில்லை.

மற்ற ஊர்களுக்குக் குடும்பங்கள் வழிவழியாக வணங்கும் சாஸ்தா இருக்கிறார். பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் எந்த ஊர்ச் சாஸ்தாவுக்குப் போகிறது என்று தெருவாரியாகக் கேட்டு எழுதிப் பாருங்கள். சாஸ்தா கோயில் பெரும்பாலும் ஏதோ ஒரு குளத்தங்கரையில், காட்டோரத்தில், இன்று குடியே இல்லாத இடத்தில் இருக்கும். ஒரே தெருவினர் வெவ்வேறு சாஸ்தாவுக்குப் போனால் அவர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் என்று கொள்ள நல்ல காரணம் உண்டு. ஊர்க்குளத்தின் கரையிலேயே சாஸ்தா உள்ளவர்கள், அங்கே வேர்விட்டு நெடுங்காலம் ஆனவர்கள். சொரிமுத்து அய்யனார் போன்ற பொதுக் கோயில்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பல ஊர்க்காரர்களும் அங்கே போகிறார்கள்.

வருவாய் ஆவணங்களில், புல எண்வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் முதலில் வாங்குங்கள். ஆனால் இன்றைய அ-பதிவேடு 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டின்போது மாற்றி எழுதியது. பழைய வயல்பெயர்களும் மடைப்பெயர்களும் அதற்கு முந்திய நிலவரித்திட்டப் பதிவேட்டில்தான் இருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்காவிட்டால் ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடும்போது பழைய புல எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். வரைபடத்தில் ‘பாழ் நத்தம்’ என்று குடியில்லாத இடத்தைக் காட்டியிருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஊர் முன்பு இருந்த இடமாக இருக்கக்கூடும். உங்கள் ஊர் கொடையாக விடப்பட்ட இனாம் கிராமமாக இருந்தால், 1858க்குப் பின் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். யார் கொடுத்தது, எதற்காக, அப்போது அனுபவித்தது யார் என்று அதில் பத்தி பத்தியாக இருக்கும். அளவைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நெல்லை இங்கே கோட்டையால் அளந்தார்கள், கோட்டைக்கு 21 மரக்கால். நிலத்தையும் கோட்டை விதைப்பாடு என்றே சொன்னார்கள். மண்ணுக்கு மண் விதைப்பாடு வேறுபடும், ஆகவே ஏக்கராக மாற்றி எழுதும்போது மூல அளவையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

எழுதத் தொடங்கும்போது, ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அது கல்வெட்டிலிருந்து வந்ததா, பதிவேட்டிலிருந்தா, வாய்மொழியா என்று குறித்துவிடுங்கள். தலபுராணத்தை ஒதுக்க வேண்டாம். புராணம் என்று சொல்லியே சேர்க்கலாம். முதல் வேலையாக, அடுத்த மழைக்குள் தூம்புத் தூண்களைப் பார்த்துவிடுங்கள். எழுத்துள்ள கல் கிடைத்தால் அதை நகர்த்தாமல், படத்தோடு பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். ஊராட்சித் தலைவரிடமும் ஒரு நகல் கொடுத்துவையுங்கள், குளத்து வேலைக்கு ஒப்பந்தம் விடும்போது அந்தக் கல் இருக்கும் இடத்தை அவர் ஒப்பந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும்.